ப்ரொஜெக்டரில் வெள்ளைப் புள்ளி, கையில் எக்ஸ்டெண்டட் வாரண்டி: மதுரைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ப்ரொஜெக்டரோ பெரிய டிவியோ வாங்கப் போகிறவர்கள், பில் போடும் இடத்தில் "எக்ஸ்டெண்டட் வாரண்டி சேர்த்துரவா?" என்று கேட்டால் உடனே சரி என்று சொல்லாதீர்கள். அது யார் கொடுக்கும் வாரண்டி, எந்தெந்த பார்ட்ஸுக்கு, எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். சித்திரைத் திருவிழாவுக்கு ஆற்றுக்குள் இறங்கி நின்று பார்த்த மனுஷன், இப்போது அந்தக் கூட்டத்துக்குள் போக முடியாது. சுவர் நிறைய அழகரைப் பார்க்கட்டும் என்று திருநகர் வீட்டு ஹாலில் மாட்ட ஒரு டிஎல்பி ப்ரொஜெக்டர் வாங்கினோம். விலை 64,000 ரூபாய். கம்பெனி வாரண்டி ஒரு வருஷம். மேற்கொண்டு இரண்டு வருஷத்துக்கு 5,800 ரூபாய் கட்டச் சொன்னார்கள். "லேம்ப், ரிமோட் தவிர எல்லாமே கவர் ஆயிரும்க்கா. கம்பெனி ஆளுகளே வீட்டுக்கு வந்து பாப்பாங்க" என்றார் கடைத் தம்பி. விதிமுறைப் புத்தகம் கேட்டதற்கு, "மெசேஜ்ல லிங்க் வரும்க்கா" என்றார்.

அடுத்த சித்திரையில், விடியாத இருட்டில் அழகர் தங்கக்குதிரையில் வைகைக்கு வருவதை நேரலையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அப்பாதான் முதலில் கவனித்தார். "ஏம்மா, கேமரா அங்கிட்டும் இங்கிட்டும் திரும்புது, அந்த ஒத்த நட்சத்திரம் மட்டும் இருந்த இடத்துலயே இருக்கே?" பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஊசிமுனை அளவுக்குப் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. வலது ஓரத்தில் இன்னொன்று.

டிஎல்பி ப்ரொஜெக்டருக்குள் டிஎம்டி என்று ஒரு சிப் இருக்கிறது. 1987இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் கண்டுபிடித்தது. முழு எச்டி சிப் என்றால் அதன்மேல் தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடிகள் 20 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இரண்டு பக்கமும் சாய்ந்து, வெளிச்சத்தைத் திரைக்கு அனுப்பும் அல்லது விலக்கிவிடும். ஒரு கண்ணாடி திரைப் பக்கமே சிக்கிக்கொண்டால் வெள்ளைப் புள்ளி. மறுபக்கம் சிக்கினால் கறுப்புப் புள்ளி. சூடும் தூசியும் சேர்ந்தால் சிக்குவது கூடும். தனிக் கண்ணாடியைச் சரிசெய்ய வழியே இல்லை, சிப்பைத்தான் மாற்ற வேண்டும். 2012 டிசம்பரில் மிட்சுபிஷி கடைசியாகக் கைவிட்ட அந்தக் காலத்து டிஎல்பி ப்ரொஜெக்‌ஷன் டிவிகளிலும் இதே வகைச் சிப்தான், இதே புள்ளித் தொல்லைதான்.

லென்ஸில் படிந்த தூசியாக இருக்குமோ என்று சந்தேகம் வரலாம். தூசி மங்கலான திட்டாகத் தெரியும். சிக்கிய கண்ணாடி கூர்மையான புள்ளியாகத் தெரியும். எந்த இன்புட்டை மாற்றினாலும், மெனுவைத் திறந்தாலும் அதே இடத்தில் இருக்கும்.

கம்பெனி வாரண்டி முடியும் முன்பே புகார் கொடுத்தோம். வந்த டெக்னீஷியன் கறுப்புத் திரையைப் போட்டுப் பார்த்துவிட்டு, "ரெண்டு புள்ளிதானே மேடம், இது லிமிட்டுக்குள்ள இருக்கு, மாத்தித் தர மாட்டாங்க" என்றார். வந்து பார்த்த விவரத்தை எழுதித் தரும் ஜாப் ஷீட் கேட்டோம். "ஆன்லைன்ல ஏத்திருவேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அது எங்களுக்கு வரவேயில்லை.

வாரண்டி முடிந்து ஆடி பிறப்பதற்குள் திரை முழுக்கப் புள்ளி. இனி எக்ஸ்டெண்டட் வாரண்டிதானே என்று கடைக்குப் போனால், "அது வேற கம்பெனி மேடம், நாங்க வித்துக் குடுக்கிறதோட சரி" என்று கஸ்டமர் கேர் நம்பரை நீட்டினார்கள். சர்டிபிகேட்டில் இருந்த பெயர் கடையுடையதும் இல்லை, ப்ரொஜெக்டர் கம்பெனியுடையதும் இல்லை.

அந்த வாரண்டிக்காரர்கள் அனுப்பிய மறுப்புக் கடிதத்தில் இரண்டு காரணம். பிக்சல் (படத்தை உண்டாக்கும் புள்ளிகள்) சம்பந்தப்பட்ட குறை எதுவும் திட்டத்தில் அடங்காது என்பது ஒன்று. இந்தப் பழுது திட்டம் தொடங்கும் முன்பே இருந்தது, அதற்குச் சர்வீஸ் ரெக்கார்டு இருக்கிறது என்பது இன்னொன்று. அதாவது, பணம் கட்டிய எங்களுக்குத் தராத ஜாப் ஷீட் அவர்கள் கைக்குப் போயிருக்கிறது! முதல் வருஷம் "இது பழுதே இல்லை" என்று சொல்லக் கிடைத்த அதே இரண்டு புள்ளிகள், இரண்டாம் வருஷம் "ஏற்கனவே இருந்த பழுது" ஆகிவிட்டன. எனக்கு இதைவிட ஆத்திரம் வந்த இடம் வேறு இல்லை. சிப் மாற்ற சர்வீஸ் சென்டர் கேட்டது 26,000 ரூபாய்.

ஆகவே ஒரு புள்ளி தெரிந்தாலும், கம்பெனி வாரண்டி இருக்கும்போதே மெயிலில் புகார் அனுப்பிவிடுங்கள். கறுப்புத் திரையில் தேதி தெரிய போட்டோ எடுத்து இணையுங்கள். ஜாப் ஷீட் கையில் வராமல் டெக்னீஷியனை அனுப்பாதீர்கள். "லிமிட்" என்று சொன்னால் அது எங்கே அச்சாகியிருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியே ஆக வேண்டும் என்றால், டிஎம்டி சிப் அடங்குமா, வருஷம் ஏற ஏறத் தேய்மானம் என்று தொகையைக் குறைப்பார்களா என்ற இரண்டுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது எதுவும் பின்னால் நிற்காது.

வாங்கும்போது கடையிலேயே கறுப்புத் திரையும் வெள்ளைத் திரையும் போட்டுக் காட்டச் சொல்லலாம். கலர் வீல் (நிறம் காட்டச் சுழலும் சக்கரம்) உள்ள மாடல்களில் கண்ணைச் சட்டென்று திருப்பினால் சிலருக்கு வானவில் மாதிரி கோடு தெரியும். அது அந்த டெக்னாலஜியின் இயல்பு, எந்த வாரண்டியிலும் வராது. வீட்டில் எல்லோரையும் கூட்டிப்போய்ப் பார்க்க வையுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசினோம். வாரண்டி கம்பெனி அதே பதிலைத் திருப்பி அனுப்பியது, புகாரை முடித்துவிட்டார்கள். இப்போது கடை, ப்ரொஜெக்டர் கம்பெனி, வாரண்டி கம்பெனி மூன்றின் மேலும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறோம். 2019ஆம் வருஷச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும்.

இந்த மாதிரி வாரண்டி ஏற்கனவே வாங்கியிருப்பவர்கள், மெசேஜில் வந்த லிங்கைத் திறந்து விதிமுறைகள் முழுவதையும் இன்றைக்கே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்த லிங்க் இப்போது திறப்பதில்லை. மனுவோடு இணைக்க முடிந்தது, பணம் கட்டிய வாரம் என் தம்பி எடுத்துவைத்த ஸ்க்ரீன்ஷாட் மட்டும்தான்.