சைவம் என்று விற்ற புரோட்டீன் பவுடரில் மாட்டுக் கொலாஜன்: மட்டக்களப்பில் வாங்குபவர்கள் கவனியுங்கள்

சைவமா என்று கேட்டுத்தான் வாங்கினேன். சைவம்தான் என்று சொல்லித்தான் தந்தார்கள். அந்தப் பவுடரைப் பதினேழு நாள் காலையும் மாலையும் என் கையாலேயே கரைத்து அம்மாவுக்குக் கொடுத்தேன். அதில் மாட்டுக் கொலாஜன், அதாவது மாட்டின் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுக்கிற புரதம், இருந்தது. உங்கள் வீட்டில் மரக்கறி மட்டும் சாப்பிடுகிற வயதானவர்கள் இருந்தால், அதிலும் சீனி வருத்தம் உள்ளவர்கள் இருந்தால், இதை முழுக்க வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. தீட்சை கேட்டவர். இருபத்தாறு வருடங்களாக மச்சம் தொட்டதில்லை, முட்டையும் இல்லை. மச்சம் சமைத்த சட்டியில் வைத்த சோறுகூடச் சாப்பிடமாட்டார். கடந்த மாரியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. போதனா வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நன்றாக நடந்தது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஆள் மெலிந்துகொண்டே போனார். கிளினிக்கில் நிறுத்தபோது 46 கிலோ.

அங்கே இருந்த போசாக்கு வைத்தியர் பொறுமையாக விளக்கினார். சாதாரணமாக உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும். வயதானவர்களுக்கு, அதுவும் எலும்பு பொருந்தி வருகிற நேரத்தில், 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். அம்மாவின் கணக்கில் அது 46 முதல் 55 கிராம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது சோறும் இரண்டு மரக்கறியும் கொஞ்சம் பருப்பும். கூட்டிப் பார்த்தால் முப்பதைத் தாண்டவில்லை. “சாப்பாட்டில் கூட்டிப் பாருங்கோ, முடியாவிட்டால் நல்ல புரதப் பவுடர் ஒன்று எடுக்கலாம், எடுக்க முதல் கொண்டுவந்து காட்டுங்கோ” என்றார். கடைசியாகச் சொன்னதை நான் செய்யவில்லை. அது என் பிழை, அதை மறைக்க விரும்பவில்லை.

நகரத்தில் உள்ள ஒரு கடைக்குப் போனேன். முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் வாங்குகிற கடைதான். கவுண்டரில் நின்ற தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா சுத்த சைவம், முட்டையும் இல்லை, பால் பரவாயில்லை, சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோமின் எடுக்கிறார், இடுப்பில் ஒப்பரேஷன். அவர் யோசிக்கவே இல்லை. மேல்தட்டிலிருந்து ஒரு கறுப்புப் பேணியை எடுத்து வைத்தார். முன்பக்கத்தில் பெரிய பச்சை இலை. அதன் கீழே வெள்ளை ஸ்டிக்கர் ஒன்றில் ‘தாவரப் புரதம், ஒரு கரண்டிக்கு 25 கிராம், சீனி சேர்க்கப்படாதது’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது.

“அக்கா, இது நூறு வீதம் மரத்திலயிருந்து எடுக்கிறது. உங்கட அம்மாவுக்கென்றே செய்த மாதிரி” என்றார். ஒரு பேணி 908 கிராம், விலை 14,800 ரூபாய். இரண்டாக எடுத்தால் 27,000. இரண்டு எடுத்தேன். பில் கேட்டபோது ஒரு துண்டுக் கடதாசியில் தொகையை மட்டும் எழுதித் தந்தார். சாமானின் பெயரும் கடையின் முத்திரையும் வேண்டும் என்று நின்று வாங்கினேன். இன்று என் கையில் இருக்கிற பலமான ஆதாரம் அதுதான்.

முதல் வாரம் அம்மா விரும்பிக் குடித்தார். இனிப்பாக, சொக்லேட் மணத்தோடு இருந்தது. இரண்டாவது வாரம் களைப்பு என்றார், இரவில் நாலைந்து தரம் எழும்பினார். வெறுவயிற்றில் சீனி பார்த்தோம். ஒப்பரேஷனுக்குப் பிறகு 120 அளவில் நின்றது 187க்கு ஏறியிருந்தது. நடமாட்டம் இல்லாததால்தான் ஏறுகிறது என்று நினைத்தேன். பேணியில்தான் சீனி இல்லை என்று எழுதியிருந்ததே.

கண்டுபிடித்தது என் மருமகள். அண்ணாவின் மகள், வந்தாறுமூலைக் கம்பசில் விவசாய பீடத்தில் படிக்கிறாள். அப்பம்மாவைப் பார்க்க வந்தவள் பேணியைக் கையில் எடுத்து, “மாமி, இந்த ஸ்டிக்கருக்குக் கீழ வேற எழுத்து தெரியுது” என்றாள். ஈரக்கையால் பிடித்துப் பிடித்து ஸ்டிக்கரின் ஒரு மூலை கிளம்பியிருந்தது. நகத்தால் மெல்ல உரித்தாள். கீழே கம்பனி அச்சடித்த உண்மையான லேபிள்.

ஒருதரம் எடுக்கிற அளவு 45 கிராம். அதில் புரதம் 15 கிராம், மாப்பொருள் 26 கிராம். சேர்மானப் பட்டியலில் முதலாவது மால்ட்டோடெக்ஸ்ட்ரின். இரண்டாவது, நீராற்பகுத்த மாட்டுக் கொலாஜன். அதன் பிறகுதான் சோயாப் புரதமும் பட்டாணிப் புரதமும். சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததுக்கு என்ற ஒழுங்கில்தான் எழுதுவார்கள். ஆகவே அந்தப் பேணியில் எல்லாவற்றையும்விட அதிகம் இருந்தது மாச்சத்து, அதற்கு அடுத்தது மாட்டின் தோலும் எலும்பும். பச்சை இலை எதைக் காட்டியது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற பெயரை அன்றுதான் கேள்விப்பட்டேன். சோளம், அரிசி, மரவள்ளி போன்றவற்றின் மாப்பொருளைச் சிறுசிறு துண்டுகளாக உடைத்து எடுக்கிற வெள்ளைப் பொடி அது. இனிப்பு அதிகம் இல்லை, ஆனால் இரத்தத்தில் குளுக்கோசைப் போலவே விரைவாக ஏறும். சீனி என்ற கணக்கில் வராததால் ‘சீனி சேர்க்கப்படாதது’ என்று அவர்களால் எழுத முடிகிறது. இனிப்புக்குச் சுக்ரலோஸ் போட்டுவிடுவார்கள். காலையும் மாலையுமாக என் அம்மாவுக்குள் போனது 52 கிராம் மாப்பொருள். ஏறக்குறைய பத்துத் தேக்கரண்டி சீனி. பேணியை நிறுத்தி இரண்டு வாரத்தில் வெறுவயிற்றுச் சீனி 126க்கு இறங்கியது, மருந்து எதையும் மாற்றவில்லை.

கொலாஜன் விஷயத்தில் சமய நம்பிக்கை ஒரு பக்கம். இன்னொன்றும் இருக்கிறது. கொலாஜனைப் புரதம் என்று எண்ணுவதே முழுச் சரியில்லை. உடம்புக்கு வெளியிலிருந்து கட்டாயம் கிடைக்கவேண்டிய அமினோ அமிலங்களில் ஒன்றான டிரிப்டோபான் அதில் அறவே இல்லை. அதை மட்டும் நம்பித் தசை வளராது. மலிவு என்பதால் கலக்கிறார்கள்.

லேபிளில் எத்தனை கிராம் என்று போட்டாலும் அதை அப்படியே நம்பமுடியாது என்றும் மருமகள் சொன்னாள். வழமையாக ஆய்வுகூடத்தில் புரதத்தை நேரே அளப்பதில்லை. நைதரசனை அளந்து 6.25ஆல் பெருக்குவார்கள். நைதரசன் உள்ள மலிவான அமினோ அமிலங்களான கிளைசினையோ டோரினையோ அள்ளிப்போட்டாலும் கணக்கு உயரும். 2008இல் சீனாவில் பாலில் மெலமைன் என்ற, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் இரசாயனத்தைக் கலந்தது இதே தந்திரத்துக்காகத்தான். ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்தார்கள். அதனால் சேர்மானப் பட்டியலில் புரதத்தோடு கிளைசின், டோரின் என்று தனியாகப் போட்டிருந்தால் அந்தப் பேணியை வைத்துவிட்டு வாருங்கள்.

அம்மாவுக்குச் சொல்வதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். அண்ணா சொல்லவேண்டாம் என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, “நீ தெரிஞ்சு தரல்லதானே புள்ள” என்றார். அன்று இரவு சாப்பிடவில்லை. அடுத்த வெள்ளி, நடக்க முடியாத காலோடு, ஓட்டோ பிடித்து மாமாங்கம் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். கோயில் வாசலில் வோக்கரைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நேரம் எனக்கு அந்தக் கடைக்காரர் மேல் வந்த கோபம் இன்னும் தணியவில்லை. 27,000 ரூபாய் போனது பெரிதில்லை.

கடைக்கு ஸ்டிக்கரையும் பேணியையும் கொண்டுபோனேன். “திறந்த சாமான் திருப்பி எடுக்கிறதில்ல அக்கா.” ஸ்டிக்கரை யார் ஒட்டியது என்று கேட்டேன். கொழும்பிலிருந்து அப்படியேதான் வந்தது என்றார். முதலாளியின் நம்பரைக் கேட்டேன், தரவில்லை. நான் நிற்கும்போதே ஒரு சின்னப் பிள்ளை வந்து அதே பேணியை வாங்கிப் போனான். அதனால்தான் இந்தப் பதிவு.

இனி, வாங்கத்தான் வேண்டும் என்றால் என்ன பார்க்கவேண்டும் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். முன்பக்கத்தை விடுங்கள். பேணியைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் விரலால் தடவிப் பாருங்கள், கீழே எழுத்து மறைந்திருந்தால் வாங்கவே வேண்டாம். கொலாஜன், ஜெலட்டின் இரண்டும் மிருகத்திலிருந்தோ மீனிலிருந்தோ வருபவை. மாத்திரைக் கூடு, இனிப்பு எதில் இருந்தாலும் அப்படித்தான். ஸ்ட்ரோபெரி நிறத்துக்குப் போடுகிற கார்மைன், அதாவது இ120, ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுப்பது. காத்தான்குடியில் இருக்கிற என் முஸ்லிம் தோழிக்கும் இதே கவலை இருக்கிறது. ஜெலட்டின் என்று மட்டும் எழுதி எந்த மிருகம் என்று எழுதாவிட்டால் அவர்களுக்கும் அது உதவாது.

இந்தியாவிலிருந்து வருகிற பேணி என்றால் பச்சைச் சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருக்கும், அதுதான் சைவக் குறி. மண்ணிறச் சதுரத்துக்குள் முக்கோணம் இருந்தால் மச்சம். இலைப் படம், மரப் படம், பச்சை மூடி எதுவும் குறி இல்லை. மற்ற நாட்டுப் பேணிகளில் இந்தக் குறியை எதிர்பார்க்க முடியாது, பட்டியலை வாசிக்கத்தான் வேண்டும்.

வே புரதம் பாலிலிருந்து, சீஸ் செய்யும்போது பிரிகிற நீரிலிருந்து எடுப்பது. பால் குடிக்கிற சைவர்கள் பெரும்பாலும் எடுக்கலாம். ஆனால் பாலைத் திரைக்கிற ரெனட் சில இடங்களில் கன்றின் இரைப்பையிலிருந்து வரும், நுண்ணுயிரிலிருந்து எடுப்பதும் உண்டு. அம்மா போன்றவர்களுக்கு அதையும் கேட்கவேண்டும். தாவரத்தில் சோயா தனியாகவே நல்லது. பட்டாணியில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் குறைவு, அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, இரண்டும் கலந்து வந்தால் ஒன்றின் குறையை மற்றது தீர்க்கும். 30 கிராம் கரண்டியில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கவேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் எந்தப் புரதப் பவுடரையும் தொடவேண்டாம்.

எங்கள் வீட்டில் இப்போது பவுடரே இல்லை. இரண்டாவது தரம் போசாக்கு வைத்தியரிடம் போய் நடந்ததைச் சொன்னேன், திட்டாமல் சாப்பாட்டுக் கணக்கை எழுதித் தந்தார். காலையில் அவித்த பயறு, தேங்காய்ப்பூவோடு. 60 கிராம் காய்ந்த பயறில் 14 கிராம் புரதம். மத்தியானம் சோயா மீட் கறி. அது காய்ந்த நிலையில் பாதி புரதம், 30 கிராம் போட்டால் 15. பின்னேரம் ஒரு கைப்பிடி வறுத்த கச்சான், அதில் ஏழு கிராம். பல்லுக்குக் கடினம் என்பதால் இடித்துக் கொடுக்கிறேன். இரவில் எருமைத் தயிர், 100 கிராமுக்கு நாலைந்து கிராம் கிடைக்கும். நம்முடைய ஊர்த் தயிரை வைத்துக்கொண்டு நான் பேணிக்கு ஓடியிருக்கிறேன். அந்தப் பேணியில் ஒரு கிராம் புரதத்துக்கு நான் கொடுத்தது ஏறக்குறைய 45 ரூபாய். பயறு கிலோ ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும் ஒரு கிராம் நாலு ரூபாய் சொச்சம். அம்மா இப்போது 48 கிலோ. வோக்கரை விட்டுப் பொல்லோடு முற்றம் வரை நடக்கிறார்.

முறைப்பாடு செய்யலாம், செய்யுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது, தொலைபேசி 1977. பொருள் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும், பில் வேண்டும். பொய்யான லேபிள் 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின்படியும் குற்றம். அதற்கு உங்கள் பிரிவின் பி.எச்.ஐ.யிடம், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், போகலாம். நான் இரண்டு இடத்திலும் கொடுத்தேன். பி.எச்.ஐ. வீட்டுக்கு வந்து திறந்த பேணியைப் படம் எடுத்தார். கடையில் முத்திரை உடையாத பேணியிலிருந்துதான் மாதிரி எடுக்கவேண்டும் என்று சொல்லிப் போனார்.

விசாரணைக்கு இந்த மாதக் கடைசியில் வரச்சொல்லியிருக்கிறார்கள். உரித்த ஸ்டிக்கரை ஒரு கொப்பித் தாளில் ஒட்டி, பில்லோடு வைத்திருக்கிறேன். பச்சை இலை போட்ட கறுப்புப் பேணியை, மேலே வெள்ளை ஸ்டிக்கரோடு, மட்டக்களப்பிலோ கல்முனைப் பக்கமோ வேறு யாராவது வாங்கியிருந்தால், தூக்கி எறியாமல் பில்லையும் தேடி எடுத்து எனக்கு அறிவியுங்கள். இரண்டு மூன்று பேராகப் போனால் இன்னும் நல்லது.