ஜெட் எஞ்சினா, ராக்கெட் எஞ்சினா? என் ஓட்டு ஜெட்டுக்கு

கல்லூரி இறுதியாண்டில் விருப்பப் பாடமாக இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது: கேஸ் டர்பைன் (ஜெட் எஞ்சின் இந்த வகைதான்) அல்லது ராக்கெட் உந்துவியல். வகுப்பில் பெரும்பாலோர் ராக்கெட் பக்கம் போனார்கள். நான் கேஸ் டர்பைனை எடுத்தேன். அப்புறம் வேலையும் விமான எஞ்சின் பராமரிப்பிலேயே அமைந்துவிட்டது. அதனால் என் சாய்வு ஜெட் பக்கம்தான். ராக்கெட் எஞ்சினில் நான் கை வைத்ததில்லை. அதைப் பற்றி இங்கே எழுதுவது படித்தும், அந்தத் துறையில் இருக்கும் நண்பர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

அடிப்படை வித்தியாசம் பலருக்கும் தெரிந்ததுதான். இரண்டுமே சூடான வாயுவைப் பின்னால் தள்ளி முன்னால் போகின்றன. ஜெட் எரிபொருளை மட்டும் சுமக்கிறது, ஆக்சிஜனைப் போகிற வழியில் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ராக்கெட் இரண்டையும் சுமந்தாக வேண்டும். அமெரிக்க ஸ்பேஸ் ஷட்டிலின் பெரிய ஆரஞ்சு நிறத் தொட்டியில் திரவ ஹைட்ரஜன் 106 டன், திரவ ஆக்சிஜன் சுமார் 630 டன். நிரப்பியதில் ஏழில் ஆறு பங்கு ஆக்சிஜன்! காற்றே இல்லாத உயரத்துக்குப் போக வேறு வழியில்லை, எனவே விண்வெளிக்கு எது என்பதில் போட்டியே கிடையாது.

முரட்டு பலத்திலும் ராக்கெட்தான் மேலே. ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 9 ராக்கெட்டில் இருக்கும் மெர்லின் எஞ்சின் அரை டன்னுக்கும் குறைவான எடை, தருவதோ 86 டன் உந்துவிசை. ஏர்பஸ் ஏ320 நியோ வகைப் பயணிகள் விமானங்களில் தொங்கும் லீப் ஜெட் எஞ்சின் சுமார் 3 டன் எடை, தருவது 12 முதல் 14 டன். இந்த ஒரு கணக்கை வைத்தே நண்பர்கள் என்னை மடக்குவார்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த மெர்லின் ஒரு பயணத்தில் சில நிமிடங்கள்தான் எரிகிறது. லீப் எஞ்சினோ இன்று பத்து மணி நேரம் ஓடிவிட்டு, நாளைக் காலை ஐந்து மணிக்கு மறுபடி கிளம்ப வேண்டும். எனக்கு எல்லாவற்றையும் முடிவு செய்வது இந்த ஆயுள் கணக்குதான்.

ஜெட் எஞ்சினின் உயர் அழுத்த டர்பைன் பிளேடை, அதாவது எரிந்த வாயு மோதிச் சுழற்றும் சக்கரத்தின் ஓர் இதழை, எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான். எரிப்பு அறையிலிருந்து வரும் வாயுவின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது, அந்த பிளேடின் நிக்கல் கலவையோ அதற்கு முன்பே உருகிவிடும். உருகாமல் காப்பது மூன்று விஷயங்கள்: முழு பிளேடையும் ஒரே படிகமாக வளர்ப்பது, மேலே பீங்கான் பூச்சு, அப்புறம் பிளேடின் உடம்பெங்கும் துளைத்திருக்கும் நுண்ணிய ஓட்டைகள் வழியே கசியும் காற்று. குளிர்விக்கிறது என்கிறோமே, அந்தக் காற்றே 500 டிகிரிக்கு மேல் இருக்கும். இத்தனைக்கும் நடுவில் அந்த பிளேடு நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட சுற்று சுற்றுகிறது. அதுவும் வருடக்கணக்கில்.

இதை நாங்கள் பார்ப்பது போரோஸ்கோப் வழியாக. எஞ்சினைக் கழற்றாமல், ஒரு சின்னத் துவாரத்தில் கேமரா குழாயை நுழைக்கிறோம். ஒருவர் கியர்பாக்ஸ் பக்கமிருந்து ரோட்டரை (எஞ்சினின் சுழலும் பகுதியை) மெதுவாகத் திருப்ப, திரையில் ஒவ்வொரு பிளேடாக வந்து நின்று போகும். முன் விளிம்பில் பூச்சு உதிர்ந்திருக்கிறதா, குளிர்விக்கும் ஓட்டையிலிருந்து விரிசல் கிளம்பியிருக்கிறதா, ஓட்டைகளைத் தூசி அடைத்திருக்கிறதா என்று பார்ப்போம். வளைகுடா நாடுகளுக்கும் ராஜஸ்தான் பக்கமும் அதிகம் போய்வரும் விமானங்களில் இந்தத் தூசிதான் பெரிய எதிரி. எஞ்சினுக்குள் போன மணல் உருகி, கண்ணாடி போலப் பூச்சின்மேல் படிந்துவிடும். விரிசல் இருந்தாலே எஞ்சின் போச்சு என்று அர்த்தமில்லை. இன்ன இடத்தில் இன்ன நீளம் வரை பறக்கலாம், இதைத் தாண்டினால் இத்தனை பயணங்களுக்குள் மறுபடி பார், அதையும் தாண்டினால் எஞ்சினை விமானத்திலிருந்து இறக்கு என்று கையேட்டில் வரையறை இருக்கிறது.

இன்னொரு அளவுகோல் எஞ்சினிலிருந்து வெளியேறும் வாயுவின் வெப்பம். எஞ்சின் தேயத் தேய, அதே உந்துவிசைக்குக் கூடுதல் எரிபொருள் கேட்கும், வெப்பமும் ஏறும். அனுமதிக்கப்பட்ட உச்சத்துக்கு இன்னும் எத்தனை டிகிரி மிச்சம் என்பதை மாதா மாதம் கவனித்தால், எப்போது இறக்கையிலிருந்து இறக்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். உள்ளே வரும் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரைத் தண்ணீர் விட்டுக் கழுவினாலே சில டிகிரி திரும்பக் கிடைக்கும். லீப்புக்கு முந்தைய தலைமுறையான சிஎஃப்எம்56 வகை எஞ்சின்கள் 20,000 மணி நேரத்துக்கு மேல் இறக்கையை விட்டு இறங்காமல் ஓடியிருக்கின்றன. புதிய தலைமுறை எஞ்சின்கள் இன்னும் அதிக வெப்பத்தில் ஓடுவதால், ஆரம்ப வருடங்களில் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே இறங்கின என்பதும் உண்மை.

இப்போது ராக்கெட் பக்கம். ஷட்டிலின் ஆர்எஸ்-25 எஞ்சினுக்கு வடிவமைப்பில் வைத்த ஆயுள் 55 முறை கிளப்புதல், மொத்தம் ஏழரை மணி நேரம். அதன் ஹைட்ரஜன் பம்பின் ஒரு முனையில் மைனஸ் 253 டிகிரியில் திரவம், மறு முனையில் டர்பைனைச் சுழற்றும் கொதிவாயு. சில விநாடிகளில் இந்த இரண்டு கோடிகளுக்கும் உலோகம் தாக்குப்பிடிக்க வேண்டும். ஆரம்ப காலத்தில் அந்த டர்பைன் பிளேடுகளில் விரிசல் தீராத தலைவலியாக இருந்தது, பம்புகளை அடிக்கடி கழற்ற வேண்டியிருந்தது. மகேந்திரகிரியில் சோதிக்கப்படும் நம்முடைய சிஇ-20 எஞ்சின், இஸ்ரோவின் எல்விஎம்3 ராக்கெட்டில் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல் எரிந்து, அந்த ஒரு பயணத்தோடு வேலையை முடித்துக்கொள்கிறது. அது செய்யவேண்டியது அவ்வளவுதான், அதைக் குறை என்று சொல்லமாட்டேன்.

ஃபால்கன் 9 இந்தக் கணக்கை மாற்றிவிட்டதே என்று கேட்கலாம். அதன் பூஸ்டர், அதாவது தரைக்குத் திரும்பி வரும் கீழ்ப்பகுதி, ஒன்றே 30 தடவைக்கு மேல் பறந்திருக்கிறது, பெரிய சாதனைதான். ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் மேலேற்றமும் தரையிறக்கமும் சேர்த்து எரிவது மூன்று, மூன்றரை நிமிடம். முப்பதையும் கூட்டினாலும் இரண்டு மணி நேரத்தைத் தொடாது. சென்னையிலிருந்து டெல்லிக்கு ஒரு தடவை போவதற்கே அதைவிட அதிக நேரம் ஆகிறது. இந்த ஒப்பீடு ராக்கெட்டுக்கு முழு நியாயம் செய்யவில்லை என்பதும் தெரியும். அங்கே உலோகத்தைத் தின்பது ஓடும் நேரத்தைவிட, கிளப்புவதும் நிறுத்துவதும்தான். எங்களிடமும் பிளேடுகளைத் தாங்கும் டர்பைன் வட்டுகளுக்கு மணிக் கணக்கோடு பயணக் கணக்கும் உண்டு. அந்த எண்ணிக்கை முடிந்துவிட்டால், பார்வைக்குப் புதிது போலிருந்தாலும் வட்டை மாற்றியே ஆக வேண்டும். பல எஞ்சின்களில் அந்த வரம்பு 15,000, 20,000 என்று போகும். முப்பதோடு ஒப்பிட்டால் தூரம் புரியும்.

இரண்டுக்கும் நடுவே காற்றை இழுத்துக்கொண்டே அதிவேகத்தில் எரிகிற ஸ்க்ராம்ஜெட் இருக்கிறது. இஸ்ரோ 2016 ஆகஸ்ட் 28-இல் அதைப் பறக்கவிட்டு, ஒலியைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் சில விநாடிகள் எரித்துக் காட்டியது. அங்கே ஆயுளைப் பற்றிப் பேசும் கட்டமே இன்னும் வரவில்லை.

எந்தப் பாடத்தை எடுக்கலாம் என்று கேட்கும் தம்பி, தங்கைகளுக்கு: சென்னையில் அக்னிகுல் நிறுவனம் முப்பரிமாண அச்சில் எடுத்த எஞ்சினோடு 2024 மே 30-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிக் காட்டிவிட்டது. ராக்கெட் பக்கம் இன்று நான் படித்த காலத்தைவிடக் கதவுகள் அதிகம். அங்கே போகிறவர்கள், உந்துவிசை எத்தனை டன் என்பதோடு, எரிந்து முடிந்த எஞ்சினில் எதையெல்லாம் கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதையும் கேளுங்கள்.