செனெகாவா, மார்கஸ் ஔரேலியஸா?

நம் கையில் இல்லாததைப் பற்றிக் கலங்காமல் வாழச் சொல்லும் பழைய கிரேக்க-ரோமானியச் சிந்தனையான ஸ்டோயிக் தத்துவத்தை எங்கே தொடங்குவது என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது இந்த இரண்டு ரோமானியர்களிடம்தான்.

யாருக்கு எழுதியது: செனெகா, நண்பர் லூசிலியஸுக்கு 124 கடிதங்கள். மார்கஸ் தனக்குத்தானே, 12 பாகக் குறிப்புகள்; கி.பி. 161 முதல் 180 வரை ரோமப் பேரரசர், போர் முகாமிலும் எழுதியிருக்கிறார்.

வாசிக்கச் சுலபம்: செனெகாதான். குளியல் கூடத்துக்கு மேலே குடியிருந்துகொண்டு, எடை தூக்குபவர்களின் முனகல், அக்குள் முடி பிடுங்கும்போது எழும் அலறல், சாசேஜ் விற்பவனின் கூவல் என்று ஒன்றுவிடாமல் அடுக்கிவிட்டு, மனம் அடங்கினால் எந்தச் சத்தமும் ஒன்றும் செய்யாது என்பார். கடைசியில் பார்த்தால், சரி, வீட்டை மாற்றிவிடுகிறேன் என்று முடிப்பார்! மார்கஸிடம் இந்தக் கிண்டல் கிடையாது, சொன்னதையே திரும்பச் சொல்வார்.

செலவு: இரண்டுக்கும் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகள் இணையத்தில் இலவசம்.

உறுத்தல்: செனெகா பெரும் பணக்காரர், ரோமப் பேரரசர் நீரோவின் ஆலோசகர், அவர் எளிமையைப் பற்றிப் பேசும்போது கொஞ்சம் இடிக்கும். மார்கஸும் அரண்மனைவாசிதான், ஆனால் உபதேசம் தனக்கு மட்டும்.

விவாதமும் கதையும் வேண்டுமா, செனெகா. தினம் ஒரு பத்தி போதுமென்றால் மார்கஸ். அதுவும் இரண்டாம் பாகத்திலிருந்து, ஏனென்றால் முதல் பாகம் முழுக்க நன்றிப் பட்டியல்.