வழிகாட்டியைப் படிவம் போட்டுப் பூட்டுவதா, திறந்து விடுவதா?

நிறுவனங்களுக்கு விற்கும் நிறுவனங்களில், மார்க்கெட்டிங் டீமுக்கும் சேல்ஸ் டீமுக்கும் இடையே ஓயாத வழக்கு இது. மெனக்கெட்டு எழுதிய வழிகாட்டியை, படிவத்தில் மின்னஞ்சல் கொடுத்தால்தான் தருவதா, யாரும் படிக்க விடுவதா?

கையில் வருவது
படிவம்: பட்டியல் உடனே கிடைக்கும். போலி முகவரிகளும் போட்டியாளர்களும் அதில் சேர்த்தி.
திறந்தது: ஒரு பெயரும் வராது.

பரவுவது
படிவம்: பூட்டிய பக்கத்தின் உள்ளடக்கம் பொதுவாக கூகுள் தேடலில் வராது.
திறந்தது: தேடலில் வரும். படித்தவர் லிங்கை நிதிப் பிரிவுக்கும் ஐடி பிரிவுக்கும் அப்படியே தட்டிவிடுவார். பெரிய கொள்முதலை ஒரே ஆள் முடிவு செய்வதில்லை என்பதால், என் ஓட்டு இதற்குத்தான்.

கணக்குக் காட்டுவது
படிவம்: சுலபம். ஒரு லீடுக்கு (வாங்க வாய்ப்புள்ள ஒருவரின் விவரத்துக்கு) இவ்வளவு செலவு என்று மீட்டிங்கில் காட்டலாம். (அந்த எண்ணுக்காகவே பலர் இதை விடுவதில்லை.)
திறந்தது: சிரமம். டெமோ கேட்கும் படிவத்தில் ‘எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?’ என்று கேட்டு, காலிப் பெட்டி வையுங்கள். ‘பழைய ஆபீஸ் நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்’ என்ற பதில் எந்த டாஷ்போர்டிலும் வராது.

பெயர் அறிமுகமாகாத நிறுவனம், மாதக்கணக்கில் இழுக்கும் விற்பனை என்றால் திறந்து விடுங்கள். வெபினார், இலவச டிரையல் போன்றவற்றுக்குப் படிவம் பொருந்தும். அங்கே விவரம் கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. இந்தக் காலாண்டிலேயே லீடு எண்ணிக்கை கேட்கிறார்களா? ஒன்றிரண்டை மட்டும் பூட்டி, மற்றதைத் திறந்தே வையுங்கள்.