லைப்போசக்‌ஷனா, டயட்டும் நடையுமா: ஹார்மோனுக்கு எது நல்லது?
கொழுப்புன்னா சும்மா தொங்குற சதைன்னு நினைச்சிடாதீங்க, லெப்டின் (பசியை அடக்குறது), அடிபோனெக்டின் (இன்சுலினுக்கு உதவுறது)னு ஹார்மோன் சுரக்குற உறுப்பு மாதிரி அது. லைப்போசக்‌ஷன்ல (குழாய் விட்டு கொழுப்பை உறிஞ்சுற ஆபரேஷன்) எடுக்குறது தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பு மட்டும்தான், குடலைச் சுத்தி உள்ள இருக்கறதைத் தொடவே தொடாது, ஆனா சுகருக்கு பெரிய வில்லனே அந்த உள்கொழுப்புதாங்க.

அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல 15 பெண்களுக்கு வயித்துலேந்து ஏறக்குறைய 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துட்டு 10-12 வாரம் கழிச்சு பாத்தாங்க, 2004ல ரிசல்ட் வந்துச்சு: இன்சுலின் வேலை செய்யற விதம், அடிபோனெக்டின், பிரஷர், எதுவுமே மாறல! பத்து கிலோங்க.

டயட்லயும் நடையிலயும் உடம்பு எடையில 5 சதவீதம் குறைஞ்சாலே இன்சுலின் நல்லா வேலை செய்ய ஆரம்பிக்கும், ஏன்னா உள்கொழுப்பும் சேந்து கரையுது. கஷ்டம் இல்லாம இல்ல, லெப்டின் குறைஞ்சு, பசியைத் தூண்டுற ஹார்மோன் கிரெலின் ஏறி பசி பாடா படுத்தும்.

இடுப்பு ஷேப்புக்கு மட்டும்னா லைப்போ ஓகே. பண்ணிட்டு உக்காந்துடாதீங்க ப்ளீஸ், பிரேசில்ல ஒரு ஆய்வுல லைப்போவுக்கு அப்புறம் உடற்பயிற்சி செய்யாதவங்களுக்கு 6 மாசத்துல உள்கொழுப்பு ஏறிடுச்சு, செஞ்சவங்களுக்கு ஏறல. சுகர், பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை)ன்னு இருக்கறவங்க அந்தப் பணத்தை லைப்போவுல போடாதீங்க.