எபாக்ஸி ரெசின்: கப்பில் அளப்பதா, தராசில் நிறுப்பதா?

காவேரிப்பட்டணத்தில் வாங்கிய பழைய மாமரப் பலகை ஒன்று போன சித்திரையில் எங்கள் வீட்டு டீப்பாய் ஆனது. பலகை மேல் ஊற்றியது எபாக்ஸி ரெசின்: ஹார்டனர் என்ற இன்னொரு திரவத்தைக் கலந்தால் கெட்டியாக இறுகும் பிசின். அதற்கு முன் ஒரு சின்ன தட்டுக்குக் கப்பில் அளந்து ரெசின் ஊற்றினேன். பலகைக்குச் சமையல்கட்டு டிஜிட்டல் தராசு. இனி எனக்குத் தராசுதான்.

கப் மலிவு, கோடு பார்த்து ஊற்றினால் போதும். ஆனால் ரெசின் தேன் பதத்தில் இருக்கும். அளந்த கப்பிலிருந்து வேறு கப்பில் கவிழ்த்தால் ஓரத்திலேயே கொஞ்சம் தங்கிவிடும். ஹார்டனரோ தண்ணியாக முழுக்க இறங்கிவிடும். என் தட்டு மூன்று நாள் கழித்தும் பிசுபிசுவென்று இருந்தது. தராசில் ஒரே கப்பை வைத்துப் பூஜ்யமாக்கி, ரெசினை ஊற்றி, மறுபடி பூஜ்யமாக்கி, அதன் மேலேயே ஹார்டனரை ஊற்றலாம்.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது டப்பாவில் போட்டிருக்கும் விகிதம். 2:1 (ரெசின் இரண்டு பங்கு, ஹார்டனர் ஒரு பங்கு) என்பது பல டப்பாக்களில் கொள்ளளவுக் கணக்கு. அதை அப்படியே கிராமில் எடுத்தால் கெட்டது. ஹார்டனர் எடை குறைந்த திரவம். நான் இரண்டிலும் 100 மில்லி எடுத்து நிறுத்தேன்: ரெசின் 114 கிராம், ஹார்டனர் 97. ஆக, 2:1 என்பது எடையில் 100-க்கு 42.5 தான். 50 ஊற்றியிருந்தால் ஹார்டனர் ஆறில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருக்கும். கூடுதல் ஹார்டனர் சீக்கிரம் இறுக வைக்காது, சரியாக இறுக விடாது. எடை விகிதம் தனியாக அச்சிட்டிருந்தால் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் இந்த 100 மில்லி சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள்.

எவ்வளவு தேவை என்பது எளிய கணக்கு. 60 செ.மீ. நீளம், 40 அகலம், 0.2 கனம்: 480 மில்லி. சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 528 மில்லி. கலவை ஒரு மில்லிக்குச் சுமார் 1.1 கிராம் என்பதால், அதை 1.1-ஆல் பெருக்கினால் சுமார் 580 கிராம். அதில் ரெசின் 407, ஹார்டனர் 173.

சாவிக்கொத்து மாதிரி பதினைந்து கிராம் வேலைக்கு, முழு கிராமாக மட்டும் காட்டும் சமையல் தராசு பத்தாது. 0.1 கிராம் காட்டுவது வேண்டும், இல்லையென்றால் அங்கே மருந்து சிரிஞ்சே மேல்.

கிருஷ்ணகிரி வெயிலில் 580 கிராமையும் ஒரே கப்பில் கலக்கி வைத்தால் தானாகவே சூடேறி, ஊற்றுவதற்குள் கட்டியாகிவிடும். இரண்டு தவணையாகக் கலக்கினேன். அடி, ஓரமெல்லாம் வழித்து மூன்று நிமிடம் கலக்கி, உடனே பலகையில் ஊற்றிவிட்டேன். நான் ஊற்றியது 2 மில்லிமீட்டர் கனம் வரைதான். ஓர் அங்குலக் கனம் வேண்டுமென்றால் அதற்கென்றே விற்கும் மெதுவாக இறுகும் ரெசினை வாங்குங்கள்.