மானிட்டரில் படம் சரியாகத் தெரிய: கண்ணா, எஸ்ஆர்ஜிபி மோடா, கலரிமீட்டரா?

மூன்றையும் செய்து பார்த்தவன் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த வழியில் போனாலும் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். பல மானிட்டர்கள் பெட்டியிலிருந்து எடுத்தபடியே 250 நிட்ஸுக்கு (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) மேல் எரியும், சாதாரண அறையில் படம் பார்க்க 100, 120 போதும். அப்படி எரிந்த திரையில் உட்கார்ந்து நான் திருத்திய படங்களைப் பிரிண்ட் போட்டபோது ஒன்று விடாமல் இருண்டு வந்தன. பிரிண்டரில்தான் கோளாறு என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, கண்ணால் பார்த்துச் சரிசெய்வது. விண்டோஸிலேயே இதற்கு ஒரு கருவி இருக்கிறது, செலவே இல்லை. காமாவையும் (கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாயல்கள் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பது) கான்ட்ராஸ்டையும் சரிசெய்ய நம் கண் தாராளமாகப் போதும். என்னிடம் ஒரு கறுப்புப் பூனையின் படம் உண்டு. திரையில் அது வெறும் கரித்திட்டாகத்தான் தெரிந்தது, காமாவை 2.2-க்குக் கொண்டுவந்ததும் கழுத்தடியில் முடி முடியாகப் பிரிந்து தெரிய ஆரம்பித்தது. ஆனால் நிறம் என்று வந்தால் கண்ணை நம்பவே கூடாது. நீலம் பாய்ந்த வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே கண் அதற்குப் பழகி, அதையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும்.

அந்த இடத்தில்தான் மானிட்டர் மெனுவில் இருக்கும் எஸ்ஆர்ஜிபி மோடு கைகொடுக்கிறது. எச்பியும் மைக்ரோசாஃப்டும் 1996-இல் கொண்டுவந்த நிற வரையறை இது, இணையத்தில் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை இன்றும் இதில்தான் இருக்கின்றன. நிற வீச்சு அதிகமுள்ள மானிட்டர்களில் முகமெல்லாம் வெயிலில் கன்றிப்போன மாதிரி சிவந்து தெரிகிறதா? இந்த மோடைப் போட்டதும் அடங்கிவிடும். ஒரே தொல்லை, சில மாடல்களில் இந்த மோடுக்குப் போனால் பிரைட்னஸை மாற்றவே விடாது, அதனால் வாங்குவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கலரிமீட்டர் தனி ரகம். ஸ்பைடர், கேலிப்ரைட் போன்ற கருவிகளைத் திரையில் தொங்கவிட்டால் வெள்ளை சரியான சாயலில், அதாவது 6500 கெல்வினில் இருக்கிறதா என்பதை அளந்தே சொல்லிவிடும், உங்கள் மானிட்டருக்கென்று ஒரு ஐசிசி புரொஃபைலும் (அந்தத் திரை நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு) எழுதிக் கொடுக்கும். மென்பொருளுக்கு டிஸ்ப்ளேகால் இலவசமாகவே கிடைக்கிறது. அளப்பதற்கு முன் திரை அரை மணி நேரமாவது எரிந்து சூடாகியிருக்க வேண்டும். நாளாக ஆக நிறம் நகரும் என்பதால் அவ்வப்போது திரும்ப அளக்கவும் வேண்டும். புரொஃபைலை மதிக்காத ஆப்பில் திறந்தால் நிறத் திருத்தம் முழுசாக வராது. தலையை அசைத்தாலே நிறம் மாறும் மலிவான டிஎன் வகைத் திரையை இந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது.

படம் பார்க்க மட்டும்தான் என்றால் எஸ்ஆர்ஜிபி மோடு, வெளிச்சத்துக்கு உங்கள் கண், அவ்வளவுதான். பிரிண்ட் போடுபவர்களும் இரண்டு மானிட்டரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்பவர்களும் கலரிமீட்டர் வாங்கிவிடுங்கள், கண்ணால் இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்து நான் இழந்த மாலைப்பொழுதுகள் கொஞ்சமில்லை. அப்புறம், தொடங்கும் முன் விண்டோஸில் இரவு நேரத்துக்காகத் திரையை மஞ்சளாக்கும் நைட் லைட்டை அணைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அது ஓடிக்கொண்டிருந்தால் இந்த மூன்றில் எதுவும் பலிக்காது.